பின்னணியில் ஒரு டீ கிளாஸ்

எகிப்தில், நைல் கரையில் இருக்கிற எங்கள் தும்யாத்தில் பாதி ஊர் மரச்சாமான் செய்கிறது, மீதி ஊர் அதை விற்கிறது. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. சாமானின் படத்திலிருந்து ஊரை வெட்டி எறிவதுதான் என் வேலை.

பட்டறையிலிருந்து போனில் படம் வரும். தங்கப்பூச்சு நாற்காலி ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால் பசை டப்பா, மரத்தூள், தூங்கும் பூனை, கால்மேல் கால் போட்டு டீ குடிக்கிற யாரோ ஒருவர். ஆனால் ஹாஜியார் மெத்வல்லியுடைய கடையின் இணையப் பக்கத்தில் அந்த நாற்காலி நேரே சொர்க்கத்திலிருந்து இறங்கியதுபோல வெள்ளை வெளியில் தனியாக நிற்க வேண்டும். அதற்காக நான் ஓரம் பிடித்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவேன். முதுகுப் பலகையில் செதுக்கிய இலைகளுக்கு நடுவே எத்தனை ஓட்டை உண்டோ அத்தனைக்குள்ளும் நுழைந்து வருவேன். இப்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டினால் மெஷினே வெட்டிவிடுமே என்பார்கள். வெட்டும். இலைகளின் ஓட்டைகளை அடைத்துவிட்டு, கூடவே ஒரு காலையும் தின்றுவிடும். மூன்று கால் நாற்காலியை எந்தக் கல்யாணப் பெண்ணின் தாய் வாங்குவாள்?

வேலை செய்வது என் அறையில். அறை என்றால் நடக்க இடமிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். விவாகரத்து ஆனால் பெண்ணோடு அவளுடைய சாமானும் தாய்வீடு திரும்புவது எங்கள் வழக்கம். அப்படித்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் என் கட்டிலும் அலமாரியும் டிரஸ்ஸிங் டேபிளும் இந்த மாடிக்கு வந்து சேர்ந்தோம். கல்யாணத்தின்போது திறந்த வண்டியில், மேளத்தோடு, தெரு பார்க்க ஊர்வலம் போன சாமான். திரும்பி வந்தது இருட்டிய பிறகு, மேலெல்லாம் போர்வை மூடி.

என் முன்னாள் கணவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அடிக்கவில்லை, திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. "நீ வீட்ல இருக்கியா இல்லியான்னே தெரியலை" என்று கடைசியில் அதையே என் குற்றமாகச் சொன்னார். ஆளைச் சுவராக்கி வைத்துவிட்டு, ஏன் சுவராக நிற்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் மேல் அன்று மூடிய போர்வையை நான் எடுக்கவே இல்லை. அந்த மேசையிலேயே, போர்வைக்கு முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஊரார் வீட்டுக் கல்யாணச் சாமானை அழகாக்கிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி வக்தீக்குப் பெருநாள் கழித்துக் கல்யாணம். இந்த அறைதான் அவர்களுக்கு. அதற்குள் என் சாமானை விற்றாக வேண்டும். உள்ளூரில் வாங்க ஆளில்லை. வாழாதவளின் கட்டில் என்று எல்லாருக்கும் தெரியும். படம் எடுத்துப் போட்டு வெளியூரில் விற்பது ஒன்றே வழி.

"ஊர்ல உள்ள அத்தனை பேரு சாமானுக்கும் மேக்கப் போடற. ஒன் சாமானை ஒரு படம் எடுக்கக் கை வர மாட்டேங்குது" என்பாள் உம்மா.

"எடுக்கறேன்மா."

"எப்ப? வக்தீக்குப் புள்ள பொறந்து அது பள்ளிக்கூடம் போனப்புறமா?"

போர்வையைத் தூக்க வேண்டுமே என்பதுதான் விஷயம். அதை உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் பட்டறையில் படம் எடுக்கும் வேலை தாஹிருக்கு வந்தது. அவர் பாலிஷ்காரர். கடைசியாகச் சாமானைத் தொடுகிற கை அவருடையது என்பதால், பளபளப்புக் காய்ந்ததும் அவரே போனில் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று ஹாஜியார் உத்தரவு போட்டிருந்தார். நாற்காலி வரையில் பிரச்சினை இல்லை. கண்ணாடி வைத்த மேசை வந்ததும் ஆரம்பித்தது கூத்து. கண்ணாடிக்குள் அவரே நின்றார். முகத்தை மறைத்தபடி நீல போன், காதில் பென்சில், முழங்கையில் தையல் போட்ட ஸ்வெட்டர், அரக்குக் கறை ஏறிய விரல்கள்.

கண்ணாடிதான் என் வேலையிலேயே பெரிய தலைவலி. அது சாமானும்தான், பின்னணியும்தான். சட்டம் சாமான். உள்ளே தெரிகிற பட்டறை பின்னணி. அதை வழித்து எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தைப் பூசினால் செத்த மீனின் கண் மாதிரி இருக்கும். அதனால் குரல் பதிவு செய்து அனுப்பினேன்.

"பாலிஷ்காரரே, மேசையை வாங்கறவங்களுக்கு மேசை மட்டும் போதும். கூட ஒரு ஆம்பளையையும் சேத்து அனுப்பறதா ஹாஜியார் சொல்லலியே. கண்ணாடியை விட்டு வெளிய வாங்க."

பதில் உடனே வந்தது. பின்னால் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம், நடுவில் நிதானமான ஒரு குரல். "சரிங்க இஞ்சினியரம்மா."

எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் எல்லாரும் இஞ்சினியர்தான். ஆனாலும் அந்த "அம்மா"வில் ஒரு மரியாதை இருந்தது. அதைக் கேட்பதற்காகவே இரண்டாம் முறையும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன் என்பதை உம்மாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியிலிருந்து வெளியேற எடுத்த முயற்சிகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். ஒரு நாள் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றார். கண்ணாடிக்குள் ரோஜாப்பூ போட்ட ஒரு பேய் நின்றது. இன்னொரு நாள் குனிந்து எடுத்தார்; கண்ணாடியின் அடியில் பென்சில் மட்டும் செடி முளைத்ததுபோல் தெரிந்தது. அப்புறம் பக்கவாட்டிலிருந்து எடுத்ததில் மேசையே படகு மாதிரி சாய்ந்துவிட்டது.

"அந்த மேசை யார் தலையில விழப்போவுது?" என்று கேட்டேன்.

"என் தலையிலதான், இஞ்சினியரம்மா. வேற யாரும் பக்கத்துல இல்ல."

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு படத்தில், சாமானுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் ஒரு டீ கிளாஸ் இருந்தது. பட்டறைக் கிளாஸ் இல்லை. கழுவித் துடைத்து, புதினா இலை போட்டு, மேலே தட்டு மூடியிருந்தது. இது யாருக்கு என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான். நாள் பூரா எங்க குப்பையைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க. அதுல ஒங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு இருக்கட்டுமேன்னு வச்சேன்."

"ஆறிடுச்சு" என்று அனுப்பினேன்.

மறுநாள் படத்தில் கிளாஸிலிருந்து ஆவி பறந்தது.

பின்னணியை முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் நான். ஹாஜியாருக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் வெள்ளையில் நிற்கிற மேசைதான் தெரியும். ஆகவே தூக்கிப்போடப் போகிற அந்தப் பக்கம் எங்கள் இருவருக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. அதில் ஒரு நாள் முஷப்பக் இனிப்புத் தட்டு இருக்கும், ஒரு நாள் பூனையின் கழுத்தில் சிவப்பு நாடா இருக்கும். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கு அடுத்த நாள், வெட்டின எலுமிச்சை இரண்டு துண்டு வரிசையாக இருந்தன. முதலில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன், அதற்குத்தானே சம்பளம். பிறகு எறிவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து "குப்பை" என்று பெயர் போட்டுப் பத்திரப்படுத்த ஆரம்பித்தேன். குப்பையைப் பத்திரப்படுத்துகிறவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்தேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பெரிய கண்ணாடி மேசை வந்தது. மூன்று மடிப்புக் கண்ணாடி என்பதால் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு மடிப்பில் ஆள் விழுவார். ஐந்தாறு தடவை திருப்பி அனுப்பின பிறகு, "கண்ணாடியில வானத்தைத் தவிர ஒண்ணும் தெரியக்கூடாதுன்னா, கொண்டுபோய் ஆத்தங்கரையில வச்சு எடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன்.

மனிதர் கொண்டுபோய்விட்டார். மூன்று சக்கர வண்டியில் மெத்தை விரித்து அதன்மேல் மேசையை ஏற்றி, நைல் கரைக்கு ஓட்டிப்போய், ஈர மணலில் இறக்கி எடுத்திருந்தார். படத்தைத் திறந்தேன். மூன்று மடிப்பிலும் வானம். ஒரு மடிப்பின் ஓரத்தில் மட்டும் பாய்மரத்தின் நுனி. அவர் எங்கேயும் இல்லை.

கண்ணாடிக்குள் வெட்ட ஒன்றுமே இல்லாத முதல் படம் அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மூன்று மடிப்பிலும் அவரைத் தேடினேன். ஒரு விரல், பென்சில் நுனி, ஸ்வெட்டரின் ஒரு நூல் கூடக் கிடைக்கவில்லை. வெளியே வாருங்கள் என்று மாதக்கணக்காக விரட்டியவள், அவர் வெளியேறினதும் அழுதுவிட்டேன். அவர்மேல் எனக்கு ஆசை இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வானத்தை அப்படியே விட்டு, மேசையின் ஓரத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்து ஸகாஸீக் ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் கடைக்கே வந்துவிட்டாள். மேசைக்கு முன்னால் நின்று, நிமிர்ந்து, குனிந்து பார்த்தாளாம்.

"படத்துல வானம் தெரிஞ்சுது. இதுல ஒங்க ஃபேன்தானே தெரியுது? நல்ல கண்ணாடியைக் கழட்டிட்டு வேறயை மாட்டிட்டீங்க" என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறாள்.

அவளுக்கு விளக்கப்போய்த்தான் மேசை ஆற்றங்கரைக்குப் போன கதை ஹாஜியாருக்குத் தெரிந்தது. குனிந்து கால்களைப் பார்த்தால், ஈரம் ஏறி பாலிஷ் வெளுத்திருந்தது. எனக்குப் போன் வந்தது.

"அவனை ஆத்துக்குப் போகச் சொன்னது நீயாமே?"

"ஆமா ஹாஜியார். வெளையாட்டுக்குச் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

"ஒன்னைத் திட்டி என்ன ஆகப்போவுது. அவனுக்குப் புத்தி எங்க போச்சு? நீ கடல்ல குதின்னா குதிப்பானா?"

"தெரியலை ஹாஜியார். குதிப்பார்னுதான் நெனைக்கறேன்."

ஹாஜியார் பெண் மக்களைப் பெற்றவர். "ம்" என்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். தாஹிர் இனி பாலிஷோடு நிற்க வேண்டும், படம் எடுக்க ஹாஜியாரின் மருமகப்பிள்ளை வருவார் என்று முடிவாயிற்று.

மருமகப்பிள்ளை கெட்டிக்காரர். பெரிய வெள்ளைத் துணி வாங்கி, கம்பு நட்டுக் கட்டி, அதற்கு முன்னால் சாமானை நிறுத்தி எடுத்தார். பின்னால் பூனை இல்லை, டீ இல்லை, ஒன்றுமில்லை. எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது. அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. தாஹிரும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. படம் எடுக்கிற வேலை போன பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன சாக்கில் போன் செய்வது என்று தயங்கும் ஜாதி அவர். சாக்கு வேண்டுமானால் நான்தான் உண்டாக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு சாக்கு. அதன்மேல் மூன்று வருடமாகப் போர்வை.

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை, உம்மா அறை வாசலில் வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் குரல் பதிவை அனுப்பிவிட்டேன். "பாலிஷ்காரரே, எங்க வீட்ல ஒரு கண்ணாடி மேசை இருக்கு. என்னுதுதான். விக்கணும். பாலிஷ் மங்கிக் கெடக்கு, படமும் எடுக்கணும். அஸர் தொழுகைக்கு அப்புறம் உம்மா வீட்ல இருப்பாங்க. வர முடியுமா?"

அவர் வந்தார். கையில் பாலிஷ் டப்பா, பஞ்சுத்துணி, அந்த நீல போன். உம்மா நாற்காலியை அறை வாசலுக்கு நடுவில் போட்டு, தஸ்பீஹ் மணியோடு காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

போன் மறைக்காத அவர் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சாதாரண முகம். நெற்றி ஏறியிருந்தது, ஓரத்தில் நரை, சிரித்தால் ஒரு கண் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். முழங்கையும் விரலும் முன்பே பழக்கம் என்பதால், தெரிந்த பாட்டின் விட்டுப்போன அடி கிடைத்ததுபோல இருந்தது.

"எத்தனை புள்ளைங்க தம்பி?" என்று உம்மா விசாரணையை ஆரம்பித்தாள்.

"கல்யாணமே ஆகலை, ஹாஜியம்மா."

"ஏன், எதாவது கோளாறா?"

"உம்மா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாலு தங்கச்சிங்க, ஹாஜியம்மா. கடைசி ஒண்ணுக்குப் போன வருசம்தான் சாமான் அனுப்பினேன்."

"அப்ப சரி" என்று மணியை உருட்டினாள் உம்மா.

தாஹிர் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடுக்கலாமா, இஞ்சினியரம்மா?"

எத்தனையோ பேர் அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறார்கள். கேட்டவர் இவர் ஒருவர்தான். தலையசைத்தேன். போர்வை நழுவியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் துணியை நனைத்து, கண்ணாடியைத் துடைத்து, பிறகு மரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். அவசரமே இல்லாத கை. வால்நட் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

"நல்ல சாமான்" என்றார். "இத விக்கணுமா?"

"எடம் இல்லை."

"ம்."

படம் எடுக்கும் நேரம் வந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்க ஓரடி இடம். அவர் நகர்ந்தால் நான் கண்ணாடியில் விழுந்தேன். நான் நகர்ந்தால் அவர் விழுந்தார். இரண்டு பேரும் நகர்ந்தால் உம்மா.

"நீங்க உள்ள தெரியறீங்க" என்றார்.

"சரி, நான் வெளிய போறேன்."

"ஒங்க கண்ணாடி. அதை விட்டு நீங்க எங்க போவீங்க?"

குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்த என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் வேறு வழியின்றி நிமிர்ந்து பார்த்தேன். தலைத்துணி ஒரு பக்கம் சரிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஒருத்தி நின்றிருந்தாள். மோசமில்லை. பக்கத்தில் ஸ்வெட்டர். அவர் போனை முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை, நெஞ்சோடு வைத்துத் தட்டினார்.

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்க. முலூகியாக் கொழம்பு ஆறுது" என்றது வாசல்.

அவர் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு படத்தைத் திறந்தேன். பழகின கை. கண்ணாடிச் சட்டத்தின் உள்ளோரத்தைப் பிடித்துப் புள்ளி வைத்துக்கொண்டே போய் வளையத்தை மூடினேன். வழக்கப்படி இனி உள்ளே இருப்பதை அழித்துவிட்டுச் சாம்பல் பூச வேண்டும். மேசையை விற்க அதுதான் தேவை. அழிக்கிற பொத்தானுக்குப் போன விரல் அங்கேயே நின்றது.

தேர்ந்தெடுத்ததைத் திருப்பிப்போட ஒரு கட்டளை உண்டு. வளையத்துக்குள் இருப்பதை விட்டுவிட்டு, வெளியே இருப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதை அழுத்தினேன். பிறகு அழித்தேன். மேசை போயிற்று. செதுக்கின கால், இழுப்பறை, அலமாரி, கட்டில், மூன்று வருடத்துச் சுவர், எல்லாம் போயின. வெள்ளையில் கண்ணாடி வடிவத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். எங்களுக்கு நடுவே, தூரத்தில், உம்மாவின் ஒரு முழங்காலும் தஸ்பீஹ் மணியும்.

அதை அவருக்கு அனுப்பினேன். பதில் குரல் பதிவாக வந்தது. பட்டறையே கைவேலையை நிறுத்திவிட்டதுபோல, பின்னால் உப்புத்தாள் சத்தம்கூட இல்லை.

"இஞ்சினியரம்மா, மேசையைக் காணோமே."

"அதான் பின்னணி. வெட்டிட்டேன்."

"அப்ப விக்கறது?"

"விக்கலை."

கொஞ்சம் இருமல். பிறகு, "வெள்ளிக்கிழமை என் மூத்த தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வரேன்னு ஹாஜியம்மாகிட்ட சொல்லுங்க. முஷப்பக் நெசமாவே வாங்கிட்டு வரேன்."

உம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "வாசல்ல ஒக்காந்தவளுக்குக் கண்ணு இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளே சமாதானமும் ஆனாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் கல்யாணம் பேசி முடிந்தது; வக்தீயின் கல்யாணத்துக்கு முன்பாகவே அறை காலியாயிற்று. தாஹிர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். கட்டில் அவர் வீட்டுக்குப் போயிற்று, அலமாரி போயிற்று. கடைசி நடையில், மெத்தை விரித்து, மேசையைக் கயிறு கட்டி நிறுத்தினார், கண்ணாடி எங்கள் தெருவைப் பார்க்க. நல்ல பகல். உம்மா அந்தப் பழைய போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"கண்ணு படும். மூடிக் கொண்டு போங்க."

அவர் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மூடவா?"

"வேண்டாம்" என்றேன்.

வண்டி மெல்ல நகர்ந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். ரொட்டிக் கடை, காயப்போட்ட துணிகள், நாற்காலிக் கால்களைத் தோளில் சுமந்து போகிற ஆட்கள், சுவர்மேல் பூனை, பால்கனிகளில் எட்டிப் பார்க்கிற தலைகள் என்று நான் வருடக்கணக்காக வெட்டி எறிந்த ஊர் முழுவதும் கண்ணாடிக்குள் வந்துகொண்டிருந்தது. நடுவில் நான் வந்துகொண்டிருந்தேன்.

மேலேயிருந்து பக்கத்து வீட்டு நவால் அக்கா கூப்பிட்டாள். "ராவியா, அடி, கண்ணாடியில நீ நல்லாத் தெரியற."

"தெரியட்டும் அக்கா" என்றேன்.